இயற்பியல் வகுப்பில் சிமுலேஷன், வீடியோ, போன்: புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்களுக்கு

பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது, அல்லது ஹைடெக் லேப் வந்துவிட்டது. இனி அதில் என்ன காட்டுவது என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் நடப்பது இதுதான்: பாடத்தை வழக்கம்போல் நடத்தி முடித்துவிட்டு, மணியடிக்க மிச்சமிருக்கும் பத்து நிமிடத்தில் யூடியூபில் ஒரு வீடியோவைத் தேடிப் போடுவோம். பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது சார்" என்று ஒரே குரலாக வரும். அடுத்த வாரத் தேர்வுத்தாளில் பழைய தவறு அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இது ஏன் என்று ஆராய்ந்தவர் டெரெக் முல்லர். ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் 2008-இல் அவர் முடித்த முனைவர் பட்ட ஆய்வே இயற்பியல் வீடியோக்களைப் பற்றியதுதான். ஒரு பிரிவினருக்குத் தெளிவான, நேரடியான விளக்க வீடியோவைக் காட்டினார். இன்னொரு பிரிவினருக்கு, ஒரு மாணவர் தன் தவறான கருத்தைச் சொல்ல, பிறகு பேச்சின் ஊடே அது திருத்தப்படும் வீடியோவைக் காட்டினார். முதல் பிரிவினர் "தெளிவாக இருந்தது" என்றார்கள். ஆனால் அவர்கள் மதிப்பெண் அசையவே இல்லை எனலாம். "குழப்பமாக இருந்தது" என்ற இரண்டாம் பிரிவினரே கூடுதலாகக் கற்றிருந்தார்கள். தெளிவான விளக்கத்தைப் பார்க்கும்போது, "இது எனக்கு ஏற்கெனவே தெரியும்" என்று மனம் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறது. திரையில் சொல்வதும் தான் நினைத்திருப்பதும் வேறுவேறு என்பதே பலருக்கு உறைப்பதில்லை.

ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க ஒரே ஒரு விதியைப் பின்பற்றுகிறது. எந்தப் படத்தையும் ஓடவிடும் முன், "என்ன நடக்கும்?" என்று கேட்டு, பிள்ளையின் விடையை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். பிறகுதான் கை மவுஸுக்குப் போகலாம். சிமுலேஷனா (நாமே மாற்றி மாற்றிப் பார்க்கக்கூடிய கணினி மாதிரி) வீடியோவா போனா என்பதெல்லாம் அதற்கடுத்த சங்கதி. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஒன்பது, பத்தாம் வகுப்பு எடுப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

1. எதைத் திரையில் காட்டுவது, எதைக் கையில் கொடுப்பது

கையில் கொடுக்க முடிவதைத் திரையில் காட்ட வேண்டாம். குவிலென்சு ஒன்றும் வெள்ளைத்தாள் ஒன்றும் இருந்தால், சன்னலுக்கு வெளியே நிற்கும் வேப்பமரத்தைத் தாளில் தலைகீழாகக் கொண்டுவந்துவிடலாம். அதற்கு எந்த அனிமேஷனும் ஈடாகாது. திரை தேவைப்படுவது வேறு இடங்களில்: கண்ணுக்குத் தெரியாதவை (மின்னோட்டம், காந்தப்புலம், ஒலி அலை), கண் பிடிக்க முடியாத வேகத்தில் நடப்பவை (விழும் பந்து), வகுப்பில் செய்தால் ஆபத்தானவை (வீட்டு மின்சாரம்), நாம் போக முடியாத இடத்தில் நடப்பவை (நிலவு).

மின்சுற்றுகள் விஷயத்தில் ஒரு வியப்பான முடிவு உண்டு. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஒரு பிரிவினரைக் கணினிச் சிமுலேஷனிலும் இன்னொரு பிரிவினரை உண்மைக் கருவிகளிலும் சுற்றமைக்க வைத்து ஒப்பிட்டார்கள். 2005-இல் வெளியான அந்த ஆய்வில், சிமுலேஷனில் பழகியவர்கள் கருத்துக் கேள்விகளில் முந்தினார்கள். உண்மையான சுற்றை அமைத்துக் காட்டச் சொன்னபோதும் அவர்களே முந்தினார்கள். நம் ஆய்வகத்தில் பாதி நேரம் எங்கே போகிறது என்று யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. துருப்பிடித்த கிளிப், தீர்ந்துபோன பேட்டரி, இறுகாத திருகு. அதற்காக உண்மையான பல்பைத் தூக்கிப் பரணில் போட்டுவிட வேண்டாம். அது எப்போது வரவேண்டும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதல் தடவை செய்பவருக்கு என் யோசனை: பத்தாம் வகுப்பு மின்னோட்டவியலில் ஒரே ஒரு பீரியடை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதற்கும் திட்டம் போட்டால் ஜூலையிலேயே அலுத்துவிடும்.

2. கோப்புகளை முதல் நாளே கையில் வைத்துக்கொள்ளுங்கள்

நமக்கு முக்கியமானது ஃபெட் சிமுலேஷன்கள். இயற்பியலில் 2001-ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் தொடங்கிய திட்டம் இது. இலவசம். பதிவு செய்யாமலே பயன்படுத்தலாம். பல சிமுலேஷன்கள் தமிழிலும் கிடைக்கின்றன. நம் பாடப்புத்தகத்தின் இணையச் செயல்பாடு பகுதிகள் சிலவும் இங்கேதான் கொண்டுபோய் விடும்.

ஒவ்வொரு சிமுலேஷனையும் தனித்தனிக் கோப்பாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம் என்பதுதான் பெரிய வசதி. கணினியில் குரோம் போன்ற உலாவி இருந்தால் போதும், இணையம் இல்லாமலே திறக்கும். வீட்டில் இறக்கி, பென் டிரைவில் போட்டு, ஆய்வகத்தின் ஒவ்வொரு கணினி டெஸ்க்டாப்பிலும் முதல் நாளே ஒட்டிவிடுங்கள். ஒட்டியதோடு நிறுத்தாமல் ஒவ்வொன்றிலும் ஒரு தடவை திறந்து பாருங்கள். பழைய உலாவி இருக்கும் ஏதோ ஒரு கணினி கட்டாயம் மக்கர் செய்யும். தமிழ்ப் பதிப்பில் உள்ள கலைச்சொல் நம் புத்தகத்தோடு சில இடங்களில் ஒத்துப்போகாது. அப்படிப்பட்ட சொற்களைக் கரும்பலகையின் ஓரத்தில் முதலிலேயே எழுதிவைத்துவிட்டால் "சார், புக்குல வேற மாதிரி இருக்கே" என்று பாடம் நிற்காது.

வீடியோவுக்கும் இதே கதைதான். தீக்ஷா செயலியில் பாடங்களைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. மணற்கேணி செயலியிலும் நம் பாடத்திட்டத்துக்கான வீடியோக்கள் உள்ளன. புத்தகத்தின் கியூஆர் கோடை வகுப்பில் முதன்முறையாக ஸ்கேன் செய்து பார்க்கவே கூடாது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தால் வகுப்பு கைவிட்டுப் போய்விடும்.

3. அறை

இதில் சொல்ல அதிகம் இல்லை. புரொஜெக்டரைப் போட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பாருங்கள். அம்மீட்டர் காட்டும் எண் அங்கிருந்து தெரியவில்லையென்றால் பெரிதாக்குங்கள். விண்டோஸில் விண்டோஸ் பொத்தானோடு பிளஸ் பொத்தானை அழுத்தினால் திரை பெரிதாகும். பிற்பகல் வெயில் எந்தச் சன்னல் வழியாக வருகிறது என்று பார்த்து அதற்கொரு போர்வையோ சார்ட்டோ தேடிவையுங்கள். ஒலி வேண்டுமானால் தனி ஸ்பீக்கர் வேண்டும், லேப்டாப்பின் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். கேள்வியைக் கரும்பலகையில் எழுதியிருந்தால் விவாதம் இருட்டிலும் நடக்கும்.

4. ஒரு முழு பீரியட்: இரண்டு பல்பு

கரும்பலகையில் படம் போடுங்கள். ஒரு பேட்டரி, ஒரே மாதிரியான இரண்டு பல்புகள், தொடரிணைப்பு. கேள்வி: எந்தப் பல்பு பிரகாசமாக எரியும்? ஒன்று, நேர்முனைக்கு அருகில் உள்ளது. இரண்டு, எதிர்முனைக்கு அருகில் உள்ளது. மூன்று, இரண்டும் ஒரே மாதிரி.

ஒவ்வொருவரும் சிறு சீட்டில் விடை எண்ணையும் காரணத்தை ஒரு வரியிலும் எழுத வேண்டும். எழுதியபின் விரலைக் காட்டச் சொல்லுங்கள், நெஞ்சோடு ஒட்டி. உயர்த்திக் காட்டச் சொன்னால் எல்லாக் கண்ணும் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையின் விரலுக்குத்தான் போகும்.

இப்போது காரணங்களைக் கேளுங்கள். சரி, தவறு என்று முகத்தில்கூடக் காட்டிவிடக் கூடாது. "முதல் பல்பு கரண்ட்டைச் சாப்பிட்டுரும் சார், மிச்சம்தானே அடுத்ததுக்கு" என்று ஒருவன் சொல்வான். நன்றாகப் படிக்கும் ஒருத்தி எழுந்து, "எலக்ட்ரான் எதிர்முனையிலிருந்துதானே சார் வருது, அதனால ரெண்டாவது பல்புதான்" என்பாள். இந்த இரண்டாவது விடையைக் கவனியுங்கள். எலக்ட்ரான் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் மின்னோட்டம் வழியில் செலவாகிவிடுகிறது என்ற அதே நம்பிக்கைதான் அங்கேயும். பாடத்தை மனப்பாடமாகச் சொல்ல முடிந்த பிள்ளையிடமும் அது ஒளிந்திருக்கும். இரண்டு கட்சியும் ஐந்து நிமிடம் மோதட்டும்.

பிறகு ஃபெட்டின் நேர்மின்னோட்டச் சுற்று அமைக்கும் சிமுலேஷனைத் திறந்து அதே சுற்றை அமையுங்கள். பேட்டரி 9 வோல்ட் என்றும், பல்பு ஒவ்வொன்றும் 10 ஓம் என்றும் தொடக்கத்திலேயே அதில் இருக்கும். சாவியை (சுவிட்சை) மூடும் முன் ஒருமுறை நின்று, "யார் யார் விடையை மாத்துறீங்க?" என்று கேளுங்கள். மாற்றலாம், ஆனால் பழைய விடையை அடிக்கக் கூடாது, பக்கத்தில் எழுத வேண்டும்.

சாவியை மூடியதும் இரண்டும் ஒரே அளவில் எரியும். கூச்சல் அடங்கியதும் அம்மீட்டரை மூன்று இடங்களில் வையுங்கள்: முதல் பல்புக்கு முன், இரண்டுக்கும் நடுவில், இரண்டாவதற்குப் பின். மூன்றிலும் 0.45 ஆம்பியர். இந்த எண்ணை நீங்கள் வாசிக்காதீர்கள், பிள்ளைகள் வாசிக்கட்டும்.

அடுத்த கேள்வி உடனே. ஒரு பல்பு மட்டும் இருந்தபோது 0.90 ஆம்பியர். இரண்டையும் பக்க இணைப்பில் மாட்டினால் பேட்டரியிலிருந்து எவ்வளவு வரும்? "பேட்டரி அதே பேட்டரிதானே, அதே 0.90" என்று பெரும்பகுதி வகுப்பு சொல்லும். பேட்டரி எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் கொடுக்கும் என்பது இன்னொரு பிடிவாதமான நம்பிக்கை. சிமுலேஷன் 1.80 என்று காட்டும். அது எப்படி என்று விளக்க முயலும் நேரத்தில்தான் ஓம் விதியைப் பலகையில் எழுத வேண்டும். அப்போது அந்தச் சூத்திரத்துக்கு ஒரு வேலை இருக்கும்.

கணினி பத்து, பிள்ளைகள் நாற்பது என்றால் ஒரு கணினிக்கு நான்கு பேர். இங்கே ஒரு சின்னத் தந்திரம்: மவுஸ் வைத்திருப்பவர் எதையும் தானாக முடிவு செய்யக் கூடாது. மற்ற மூவரும் சொல்வதை மட்டும் செய்ய வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மவுஸ் கைமாறும். இதைச் சொல்லாவிட்டால் ஒருவன் விளையாடுவான், மூவர் வேடிக்கை பார்ப்பார்கள்.

வீட்டு மின்சாரக் கேள்வியையும் இதிலேயே முடித்துவிடலாம். 40 வாட், 100 வாட் குண்டு பல்புகளைத் தொடராக இணைத்தால் எது பிரகாசம்? 230 வோல்ட்டை வகுப்பில் தொடவே வேண்டாம். 100 வாட் பல்பின் மின்தடையைப் போல் 40 வாட் பல்பின் மின்தடை இரண்டரை மடங்கு. எனவே சிமுலேஷனில் ஒரு பல்பை 10 ஓமாகவும் மற்றதை 25 ஓமாகவும் வையுங்கள். 25 ஓம், அதாவது 40 வாட் பல்பு பளிச்சென்று எரியும். தொடரிணைப்பில் மின்னோட்டம் இரண்டுக்கும் ஒன்றே, மின்தடை எதில் அதிகமோ அதில்தான் அதிக ஆற்றல் செலவாகிறது. இதைப் பார்த்துவிட்டு நம்ப மறுக்கும் பிள்ளைகளைப் பாராட்டுங்கள், கணக்கையும் போட்டுக்காட்டச் சொல்லுங்கள்.

உண்மையான டார்ச் பல்பு வரவேண்டிய நேரம் இதுதான், பீரியடின் கடைசிப் பகுதி. ஒரு எச்சரிக்கை: தொடரிணைப்பில் மின்னோட்டம் கச்சிதமாகப் பாதியாகக் குறையாது, பாதியைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும். மங்கலாக எரியும் இழையின் வெப்பநிலை குறைவு, அதனால் அதன் மின்தடையும் குறைவு. சிமுலேஷன் பல்புக்கு அந்தக் குணம் இல்லை. இந்த வேறுபாட்டை மறைக்காமல் பேசினால் அதுவே நல்ல பாடம்.

சிமுலேஷன் சொல்லும் இன்னொரு பொய்யையும் அன்றே உடைத்துவிட வேண்டும். அதில் எலக்ட்ரான்கள் நீலக் குண்டுகளாகக் கண்முன் ஓடும். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்பு கொண்ட செம்புக் கம்பியில் ஒரு ஆம்பியர் பாயும்போது எலக்ட்ரான் கூட்டம் நகரும் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர்தான். அப்படியானால் சுவிட்சைப் போட்டதும் விளக்கு எப்படி எரிகிறது? சைக்கிள் செயினை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெடலை மிதித்ததும் பின்சக்கரம் உடனே சுழல்கிறது, ஆனால் முன்னால் இருந்த கண்ணி பின்னால் போய்ச் சேர நேரம் ஆகும். செயின் எங்கேயும் செலவாவதும் இல்லை.

5. ஆசிரியரின் போனே ஆய்வகம்

மாணவர் கையில் போன் வேண்டாம். உங்கள் போனும் பக்கத்து வகுப்பு ஆசிரியரின் போனும் போதும். ஃபைஃபாக்ஸ் என்ற செயலியை இரண்டிலும் நிறுவிக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் ஆஹென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர்கள் 2016-இல் வெளியிட்டது, இலவசம். போனுக்குள் ஏற்கெனவே இருக்கும் முடுக்கமானி, ஒலிவாங்கி, காந்தப்புல உணரி ஆகியவற்றை அது அளவீட்டுக் கருவிகளாக்கிவிடுகிறது. போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்தால், போன் அளப்பதை லேப்டாப் உலாவியிலும், அங்கிருந்து புரொஜெக்டரிலும் நேரடியாகக் காட்டலாம்.

ஒலியின் வேகத்தை அளப்பது இதில் என் விருப்பமான சோதனை. பத்தாம் வகுப்பு ஒலியியலோடு அப்படியே பொருந்தும்.

முதலில் முன்கணிப்பு: ஐந்து மீட்டர் கடக்க ஒலிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அரை வினாடி, ஒரு வினாடி என்றெல்லாம் எழுதுவார்கள். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மைதானத்தில் டேப் வைத்து 5 மீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் ஒவ்வொரு போனை வையுங்கள். செயலியில் ஒலியால் இயங்கும் ஸ்டாப்வாட்ச் ஒன்று உண்டு. ஒரு சத்தம் கேட்டதும் ஓடத் தொடங்கும், அடுத்த சத்தத்தில் நிற்கும். இரண்டு போனிலும் அதைத் தயார்நிலையில் வைத்துவிட்டு, முதல் போனுக்குப் பக்கத்தில் நிற்கும் மாணவி ஒரு தட்டு தட்ட வேண்டும். ஓரிரு வினாடி கழித்து இரண்டாவது போனுக்குப் பக்கத்தில் நிற்பவன் ஒரு தட்டு. அவ்வளவுதான்.

முதல் போன் முதல் சத்தத்தை உடனே கேட்டது, இரண்டாவது சத்தம் அதற்குத் தாமதமாக வந்து சேர்ந்தது. இரண்டாவது போனுக்கு நேர்மாறு. ஆகவே முதல் போன் காட்டும் நேரம் கூடுதலாகவும் இரண்டாவது காட்டுவது குறைவாகவும் இருக்கும். இந்த இரண்டு நேரங்களின் வித்தியாசம் ஒலி 5 மீட்டரைப் போக ஒருமுறை, வர ஒருமுறை, ஆக 10 மீட்டர் கடக்க எடுத்த நேரம். உதாரணத்துக்கு 2.431, 2.402 என்று வந்தால் வித்தியாசம் 0.029 வினாடி, வேகம் வினாடிக்கு 345 மீட்டர். இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி படம் போட்டு விட்டுவிடுங்கள். மாணவர் இரண்டு பேரை இரண்டு போன்களாக நடிக்கவைத்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

அன்றைய வெப்பநிலை 30 டிகிரி என்றால் எதிர்பார்க்க வேண்டிய மதிப்பு 331 உடன் 0.6 பெருக்கல் 30-ஐக் கூட்டினால் வருவது, அதாவது 349. வித்தியாச நேரத்தில் ஒரு மில்லிவினாடி தவறினாலே விடை 12 மீட்டர் அளவுக்கு மாறும். அதனால் ஐந்து தடவை செய்து சராசரி எடுங்கள், முடிந்தால் தூரத்தை 10 மீட்டராக்குங்கள். அந்தத் தூரத்துக்குக் கைதட்டல் போதாது, எவர்சில்வர் தட்டில் கரண்டியால் அடித்தால் சுருக்கென்று கேட்கும். எவ்வளவு உரத்த சத்தத்துக்கு ஸ்டாப்வாட்ச் ஓட வேண்டும் என்பதைச் செயலியிலேயே கூட்டிக் குறைக்கலாம். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் கூட்டிவையுங்கள். வராந்தாவில் செய்தால் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி குழப்பும், வெட்டவெளிதான் நல்லது.

போனில் இன்னும் பல செய்யலாம். டிவி ரிமோட்டைக் கேமராவுக்கு நேரே பிடித்து அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி பல போன்களில் திரையில் மின்னும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள்.

6. விழும் பந்தைக் கரும்பலகையில் பிடிப்பது

பந்து ஒன்றை 1.25 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் தரையைத் தொட அரை வினாடிதான். சாதாரண வீடியோவில், வினாடிக்கு 30 சட்டம் (ஃபிரேம்) என்ற கணக்கில், அதற்குள் 15 சட்டங்கள் கிடைக்கும். ஸ்லோ மோஷனில் 120 என்றால் 60.

நல்ல வெயிலில் எடுங்கள், இல்லாவிட்டால் பந்து கோடாக இழுபடும். போனை ஸ்டாண்டிலோ செங்கல் அடுக்கிலோ அசையாமல் வைத்து, மூன்று மீட்டராவது தள்ளி நின்று, பந்து விழும் தளத்துக்கு நேர்செங்குத்தாகப் பிடியுங்கள். மீட்டர் ஸ்கேல் பந்து விழும் அதே தளத்தில் நிற்க வேண்டும், பின்னால் சுவரில் சாய்த்துவைத்தால் அளவு தவறும்.

மென்பொருள் எதுவும் கற்காமலே இதைப் பாடமாக்கலாம். வீடியோவை விஎல்சி பிளேயரில் திறந்து கரும்பலகையின் மேலேயே புரொஜெக்டரை அடியுங்கள். விசைப்பலகையில் ஆங்கில எழுத்து ஈ-யை அழுத்த அழுத்த ஒவ்வொரு சட்டமாக நகரும். ஒரு பிள்ளை அழுத்தட்டும், இன்னொரு பிள்ளை பந்து இருக்கும் இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைக்கட்டும். 30 சட்ட வீடியோ என்றால் மூன்று சட்டத்துக்கு ஒரு புள்ளி போதும். முடிந்ததும் புரொஜெக்டரை அணைத்துவிடுங்கள். பலகையில் மிஞ்சியிருப்பது விழுதலின் வரைபடம். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை ஸ்கேல் வைத்து அளந்தால் 1, 3, 5, 7 என்ற விகிதத்துக்குப் பக்கத்தில் வரும். கலிலியோ சாய்தளத்தில் பந்தை உருட்டிக் கண்டறிந்த அதே வரிசை. "சமமான இடைவெளியில் இருக்கும்" என்று முன்கணித்தவர்கள் எத்தனை பேர் என்பதை அப்போது எண்ணலாம்.

கணினியில் துல்லியமாகச் செய்ய விரும்பினால் டிராக்கர் இருக்கிறது. அமெரிக்க இயற்பியல் ஆசிரியர் டக்ளஸ் பிரவுன் எழுதிய இலவச மென்பொருள். வீடியோவைத் திறந்து, ஸ்கேலின் நீளத்தைக் காட்டிக்கொடுத்து, அச்சுகளை வைத்துவிட்டு, கன்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு பந்தின் மேல் கிளிக் செய்தால் மிச்சத்தை அதுவே பின்தொடரும். திசைவேகம்-நேரம் வரைபடம் நேர்கோடாக வரும், அதன் சாய்வே புவியீர்ப்பு முடுக்கம். இங்கே எல்லாரும் இடறும் இடம் ஒன்று: 120 சட்டத்தில் எடுத்த ஸ்லோ மோஷன் கோப்பை மென்பொருள் 30 சட்டமாக எண்ணிக்கொள்ளும். நேரம் நான்கு மடங்காகும், முடுக்கம் பதினாறில் ஒரு பங்காகும். 9.8 வரவேண்டிய இடத்தில் 0.61 வந்தால் காரணம் இதுதான். அமைப்புகளில் சட்ட வேகத்தை 120 என்று மாற்றுங்கள். காட்சிக்குள்ளேயே ஒரு ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தால் சந்தேகமே வராது.

இதன் தொடர்ச்சியாக நிலவுக்குப் போகலாம். 1971 ஆகஸ்ட் 2 அன்று அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் நின்றுகொண்டு 1.32 கிலோ சுத்தியலையும் 30 கிராம் இறகையும் ஒரே நேரத்தில் விட்டார். நாசாவின் அந்த வீடியோ இணையத்தில் கிடைக்கிறது. அதை நேரே போட்டுவிடாதீர்கள். ஸ்காட் இரண்டையும் கையில் பிடித்திருக்கும் இடத்தில் நிறுத்தி, இரண்டு கேள்வி: எது முதலில் விழும்? நம் ஊரில் விழுவதைவிட வேகமாகவா மெதுவாகவா? விழுந்த உயரம் ஏறத்தாழ 1.6 மீட்டர். பூமியில் அதற்கு 0.57 வினாடி, அங்கே 1.4 வினாடி. நிலவில் முடுக்கம் 1.62 என்று புத்தகத்தில் படித்ததை, ஸ்டாப்வாட்சும் ஒரு சின்னக் கணக்கும் கொண்டு அவர்களே எடுத்துவிடலாம். படம் கலங்கலாகத்தான் இருக்கும், விடை 1.4-இலிருந்து 1.9 வரை வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

7. நீங்களே வீடியோ எடுக்கிறீர்களா?

கொஞ்ச நாளில் அந்த ஆசை வரும். ஸ்லைடில் பத்தி பத்தியாக எழுதி அதையே வாசிப்பதை மட்டும் செய்யாதீர்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்து உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல ஆண்டுகள் நடத்திய சோதனைகளில், படமும் குரலும் சேர்ந்தால் நன்றாகப் பதிகிறது என்றும், அதே சொற்களை எழுத்தாகவும் திரையில் ஓடவிட்டால் கற்றல் குறைகிறது என்றும் கண்டார். பின்னணி இசையும் தேவையில்லாத அலங்காரப் படங்களும் கெடுதலே செய்கின்றன. பேச்சுநடையில் பேசுவது நல்லது.

நான்கு நிமிடத்துக்குள் முடியுங்கள். ஒரு வீடியோவுக்கு ஒரே கேள்வி. கேள்வியைச் சொன்னதும் பத்து வினாடி பேசாமல் இருங்கள், பார்ப்பவர் நிறுத்திவைத்து யோசிக்க வேண்டும். கணினித் திரையைப் பதிவு செய்ய ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருள் போதும். குரலுக்குப் பத்து ரூபாய் கர்ச்சீப் ஒன்றை மைக்கின் மேல் சுற்றினாலே காற்றிரைச்சல் பாதி போய்விடும். பிள்ளைகளின் முகம் தெரியும் எதையும் வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள், கைகள் மட்டும் தெரியும்படி எடுத்தால் பாடத்துக்கு எந்தக் குறையும் வராது.

8. மறுநாள் காலை

சிமுலேஷன் பார்த்த மறுநாள், கணினி எதுவும் இல்லாமல், தாளில் இரண்டு கேள்வி கொடுங்கள். முதலாவது: 9 வோல்ட் பேட்டரி, 10 ஓம் பல்பு மூன்று, தொடரிணைப்பு. முதல் பல்புக்கு முன் அம்மீட்டர் 0.30 காட்டுகிறது. இரண்டாவதற்கு முன் எவ்வளவு, மூன்றாவதற்கு முன் எவ்வளவு? இரண்டாவது: அதே சுற்றைப் பல்புகள் ஒன்றின் கீழ் ஒன்றாக, செங்குத்தாக நிற்கும்படி வரைந்து, "இது தொடரிணைப்பா, பக்க இணைப்பா?" என்று கேளுங்கள். திரையில் பார்த்த வடிவத்தை மட்டும் நினைவில் வைத்தவர்கள் இரண்டாவதில் மாட்டிக்கொள்வார்கள்.

முதல் கேள்விக்கு 0.30, 0.20, 0.10 என்று இறங்குவரிசையில் எழுதும் சிலர் இன்னும் இருப்பார்கள். அவர்களுக்காக வகுப்பு முழுவதற்கும் மறுபடி நடத்த வேண்டாம். மதிய இடைவேளையில் அந்த நான்கைந்து பேரை மட்டும் கணினி முன் உட்காரவைத்து, அவர்கள் எழுதிய 0.20-ஐத் தேடிக் காட்டச் சொல்லுங்கள். அம்மீட்டரைச் சுற்று முழுவதும் நகர்த்திப் பார்ப்பார்கள், எங்கேயும் அகப்படாது.

முதல் நாள் வாங்கிய முன்கணிப்புச் சீட்டுகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒரு உறையில் போட்டு, பாடத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அந்தக் கேள்விக்கான தவறான விடைகளை நீங்கள் உட்கார்ந்து கற்பனை செய்ய வேண்டியதில்லை, அவர்கள் சொன்ன காரணங்களோடு அந்த உறையிலேயே இருக்கும்.